கறுப்பும் எரிச்சலும் ஏன்?

கேள்வி: அந்தரங்கப் பகுதி ரோமத்தை க்ரீம் போட்டு நீக்குகிறேன். அந்த இடம் கறுத்துவிட்டது, எரிச்சலும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் ஒன்று: அந்த இடம் இயல்பிலேயே சற்றுக் கறுப்பாகத்தான் இருக்கும். அதற்குமேல் கறுக்கிறது என்றால், ரோமத்தைக் கரைக்கும் க்ரீமின் ரசாயனம் தோலையும் புண்படுத்துகிறது. அழற்சி ஆறும்போது மெலனின் கூடுதலாகச் சுரந்து நிறம் தங்கிவிடும். எரிச்சல் தீரும்வரை எதையும் போடாதீர்கள். பிறகும் க்ரீம் வேண்டாம். ட்ரிம்மரால் குட்டையாக வெட்டினாலே போதும். சுகாதாரத்துக்காக முழுவதும் மழிக்கவேண்டிய அவசியமே இல்லை. மழித்தே ஆகவேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, புது பிளேடால், ரோமம் வளரும் திசையிலேயே மழியுங்கள். இறுக்கமான உள்ளாடை உரசினாலும் கறுக்கும். தளர்வான பருத்தியே நல்லது.

எலுமிச்சை, சமையல் சோடா தேய்க்காதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. மெல்லிய அந்தத் தோலை அது இன்னும் மெலியவைக்கும். கழுத்து, அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சீழ்க் கொப்புளமோ காய்ச்சலோ இருந்தால் தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள், கூச்சம் வேண்டாம்.