ஒத்து ஊதக் கற்றுக்கொள்

நாமகிரிப்பேட்டை,
ஆவணி 10

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "ஏழாவது 'பி' என்னைக் கண்டாலே சிரிக்கிறது ஐயா. பக்கத்து வகுப்பு டீச்சர் வராந்தாவில் நடந்தாலே அடங்கிவிடுகிறது. எனக்கு இந்த வேலைக்கான ராசி இல்லையோ?"

ராசியாவது, நட்சத்திரமாவது! வாத்தியார் வேலை பிறவியிலேயே வரும் என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் பள்ளியில் நடந்ததாகச் சொன்னாயே, மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி, அது இன்னும் மோசம். ஒரு மணி நேரம் கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார்களாம். கண்ணைத் திறந்தால் எதிரில் அதே ஏழாவது 'பி'!

வேலை எப்படிப் படிகிறது என்பதை நாதஸ்வரக்காரர்களிடம் பார். நம்மூர்ப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட நாதஸ்வரக்காரர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் 1981இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவருடைய துறையில் ஒத்து என்று ஒரு கருவி உண்டு. பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும், விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே சுருதி. அதை அறாமல் பிடிக்க வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே ஊத வேண்டும். கற்க வந்த பையன் கையில் பெரும்பாலும் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். கல்யாணம், திருவிழா, விடிய விடிய ஊர்வலம் எல்லாவற்றிலும் குருவுக்குப் பக்கத்தில் நிற்பான். அவனால் ஒரு ராகம் ஊத முடியாது. ஆனால் குருவுக்கு எங்கே சுரம் பிசகுகிறது, பிசகியதைச் சபைக்குத் தெரியாமல் எப்படிச் சமாளித்துக்கொண்டு போகிறார் என்பது அவனுக்குத்தான் கேட்கும். இப்போது அந்த இடத்தில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. மொழியோ 'ஒத்து ஊதுகிறவன்' என்பதை வசவாக்கி வைத்திருக்கிறது. தமிழில் எனக்குப் பிடிக்காத மரபுத்தொடர் இது ஒன்றுதான்.

உனக்கு ஒத்து ஊதும் காலமே வாய்க்கவில்லை. பி.எட்.டில் 20 வாரம் பள்ளிக்குப் போனாய், சரி. வழிகாட்டி ஆசிரியர் பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார் என்று நீதானே சொன்னாய்? அவர் தடுமாறி நீ பார்த்ததே இல்லை. அதனால் தடுமாறுவது நீ ஒருத்திதான் என்று நினைக்கிறாய்.

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் எழுதிய நூலில் பள்ளிக்கூடத்தை முட்டை அட்டைக்கு ஒப்பிட்டார். நாமக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டுமா? குழிக்கு ஒன்று, ஒன்றோடொன்று உரசாது. முட்டைக்கு அது பாதுகாப்பு. ஆசிரியருக்கு?

குஜராத்தின் கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' படித்திருப்பாய். அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் மௌன விளையாட்டு வைத்து, பையன்கள் கேலிக்கூத்தடிக்க, அன்றைக்கு வகுப்பையே சீக்கிரம் விட்டுவிடுகிறார். எல்லோரும் அதன் கதைசொல்லலைப் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் தோல்விப் பக்கம்தான்.

என் முதல் வருடம் எட்டாம் வகுப்பில் எவனோ ஓணானைக் கொண்டுவந்து விட்டான். நான் மேசை மேல் ஏறிவிட்டேன். மறுநாள் ஒரு மூத்த ஆசிரியர் கட்டு நோட்டோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாள் வந்தார். பிறகு தன் வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டார். அங்கே அவருக்கும் இரண்டு பையன்கள் அடங்கவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன்.

உனக்குத் தூக்கமே போய்விட்டதென்றால் 14416க்குப் பேசு. அரசின் இலவச மனநல உதவி எண்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றபடி, பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒரு பீரியட் பின்னால் உட்காரட்டுமா என்று கேள். சப்ஸ்டிட்யூஷன் போட்டு அந்த நேரத்தையும் பிடுங்கினால், தலைமையாசிரியரிடம் எனக்காக அனுமதி வாங்கி வை. ராசிபுரம் பஸ் பிடித்து வருகிறேன். கடைசி பெஞ்ச் போதும். திருத்த என்னிடம் நோட்டு இல்லை, உன் கட்டில் பாதியைக் கொடு.

அன்புடன்,
உன் தமிழ் ஐயா