தீவுச் சுற்றுலாவுக்கு அளவுகோல் எது?

அந்தமானுக்குச் செல்வோரை ஈர்ப்பவை இரண்டு: ஒன்று கடற்கரை, மற்றொன்று வரலாறு. ஸ்வராஜ் தீவின் (2018 வரை ஹேவ்லாக்) ராதாநகரில் வெண்மணற் பரப்பும் அடர்ந்த காடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்), 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறை உள்ளது. அதன் ஏழு கிளைக் கட்டடங்களில் மூன்றே எஞ்சியுள்ளன. 1979இல் அது தேசிய நினைவகமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சுற்றுலா வளர்ச்சியைப் பயணிகளின் தொகையைக் கொண்டு மதிப்பிடுவதே வழக்கம். தீவுகளைப் பொறுத்தவரை இவ்வளவுகோல் போதாது. நீர் எவ்வளவு உள்ளது, பயணி செலவிடும் பணத்தில் எவ்வளவு தீவிலேயே தங்குகிறது என்னும் இரண்டையும் கணக்கிடுதல் இன்றியமையாதது.

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எனினும் நிலம் குறுகியது, சரிவு மிக்கது. ஆதலின் மழைநீரின் பெரும்பகுதி விரைவில் கடலை அடைந்துவிடுகிறது. தலைநகரம் பெரிதும் தனிக்காரி அணையையே நம்பியுள்ளது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. கடல் அமைதியாக இருக்கும் அம்மாதங்களையே பயணிகளும் நாடுகின்றனர். இவ்வாறு, நீர் இருப்பு குறையும் வேளையில் நீரின் தேவை உயர்கிறது. விடுதிகளுக்குச் செல்லும் நீர் கூடும்போது குடியிருப்புகளின் பங்கு குறைகிறது.

அடுத்தது வருவாய். அரிசி, சிமெண்ட், டீசல் போன்றவை சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகின்றன. எனவே பயணி செலவிடும் ரூபாயின் ஒரு பகுதி பெருநிலத்துக்கே திரும்பிச் சென்றுவிடுகிறது. கூலி, படகு வாடகை, உள்ளூர் மீன், தேங்காய், காய்கறி ஆகியவற்றுக்குச் செலவாகும் பகுதியே தீவில் தங்குகிறது. இப்பகுதியைப் பெருக்குவதே உண்மையான வளர்ச்சி எனலாம்.

இவற்றிலிருந்து நிர்வாகத்துக்கு மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவதாக, புதிய விடுதிக்கு அனுமதி வழங்கும்போது ஆண்டு மழையளவை அன்றி, மிக வறண்ட மாதத்தில் கிடைக்கும் நீரையே அடிப்படையாகக் கொள்ளவேண்டும். இரண்டாவதாக, கூரை மழைநீர்ச் சேமிப்பையும் கழிவுநீரின் மறுபயனையும் அனுமதிக்கு முன்நிபந்தனையாக்க வேண்டும். மூன்றாவதாக, வரலாற்றுச் சின்னங்களைக் கொண்டு பயணிகளின் வருகையை ஆண்டு முழுவதும் பரவச் செய்யலாம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து வெளித்தீவுகளுக்கான படகுகள் தடைப்படலாம். செல்லுலார் சிறையைக் காணப் படகு தேவையில்லை.

வறண்ட மாதத்திலும் தீவு மக்களின் குடத்தில் நீர் குறையாதிருத்தலே இச்சுற்றுலாவின் வெற்றிக்கு முதல் சான்றாகும்.