வளர்ச்சிக் கணக்கில் விடுபட்ட பற்று

வேளாண்மையில் மிகுந்துள்ள உழைப்பாளர் ஆலைத் தொழிலுக்குப் பெயர்வதே அபிவிருத்தியின் வழியென 1954இல் ஆர்தர் லூயிஸ் விளக்கினார். நாடுகள் யாவும் ஐந்து படிகளில் ஏறியே செழிக்குமென 1960இல் ரோஸ்டோ எழுதினார். திருப்பூரைக் காண்போர்க்கு இவை மெய்யென்றே தோன்றும். சுற்றுப்புறக் குடியானவர் பலர் பனியன் கம்பெனிகளில் வேலை பயின்று, பின்னர் தாமே முதலாளிகளாயினர், ஏற்றுமதியும் பெருகிற்று.

ஆயினும் சாயப்பட்டறைகளின் உப்புக்கழிவு நொய்யலில் கலந்தது. கரையோரக் கிணறுகள் உவராயின. பாசனத்திற்கென 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவின் தேக்கமாயிற்று. அணைநீரைத் திறக்க வேண்டாமென உழவரே மன்றாடும் விந்தையை எந்தப் படியில் வைப்பது? 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது பின்னலாடைத் தொழிலாளரும் வேலையின்றித் தவித்தனர். உழவர்க்கு வந்த கேடு தொழிலாளரையும் விட்டுவைக்கவில்லை.

தேய்மானம் கழிக்காத லாப நட்டக் கணக்கைச் சங்கம் எதுவும் காட்டினால், தணிக்கையில் நான் ஏற்பதில்லை. நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலோ ஏற்றுமதித் துணி வரவாகிறது. உவரான கிணறு பற்றாக எழுதப்படுவதில்லை. வளர்ச்சி விகிதத்தைப் படிக்கும் அங்கத்தினர்கள் முதலில் கேட்கவேண்டியது இந்தப் பற்றைத்தான். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு இன்று சாயக்கூலியில் சேர்ந்திருக்கிறது. அது முன்னமே சேர்ந்திருந்தால் பனியன் விலை சற்று ஏறியிருக்கும், கிணறுகள் தப்பியிருக்கும்.