மெல்லச் சமைப்போம்: ஸ்லோ குக்கரில் பிரெஞ்சு முறைக் கோழி

சங்கத்துப் பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, என் வீட்டில் சனிக்கிழமை தோறும் நானே கோழி சமைக்கிறேன் என்ற செய்தி எப்படியோ வெளியாகிவிட்டது. "ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்தவர் அடுப்படிக்கு வந்துவிட்டாரா?" என்று சிலர் சிரித்தார்கள். சகோதரிகள் இருவர் மட்டும் செய்முறையை எழுதித் தரும்படி கேட்டார்கள். செய்முறையை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்தக் கருவியை அதன் தத்துவம் தெரியாமல் கையாள்வது ஆபத்து என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே இதை ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

என் மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தபின் அடுப்பருகே நெடுநேரம் நிற்க முடிவதில்லை. மருமகள் காக்கநாட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து சேர இரவு எட்டாகிவிடும். ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு என்று ஆகிக்கொண்டிருந்தது குடும்பம். அந்த நிலையில்தான் மகன் இந்த ஸ்லோ குக்கரை வாங்கி வந்தான்.

கருவி வந்த கதை

இதன் கதைக்கும் நம் மட்டாஞ்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்குள்ள பரதேசி யூதர் கோயில் 1568-இல் கட்டப்பட்டது. யூதர்களின் ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை சூரிய அஸ்தமனத்தில் தொடங்கிச் சனிக்கிழமை இருட்டும் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கவும் கூடாது என்பது அவர்கள் நெறி. ஆனால் சனிக்கிழமைப் பகலில் சூடான உணவு வேண்டுமே! அதற்கு ஒரு வழி கண்டார்கள். வெள்ளி மாலையிலேயே பாத்திரத்தைத் தணலில் ஏற்றி மூடிவிடுவார்கள். அது இரவு முழுவதும் மெல்ல வெந்து மறுநாள் பகலில் சுடச்சுட இருக்கும். பாக்தாத் யூதர்கள் கோழியையும் அரிசியையும் இப்படிச் சமைத்து 'தபீத்' என்றார்கள். ஸ்பெயினிலிருந்து பரவிய யூதர்கள் தங்கள் உணவை 'ஹமீன்' என்றார்கள். கிழக்கு ஐரோப்பாவில் அதன் பெயர் 'சோலன்ட்'. இந்தக் கடைசிச் சொல், சூட்டைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலரின் கருத்து.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் இர்விங் நாக்சன் என்றொரு பொறியாளர் இருந்தார். லித்துவேனியாவில் இருந்த காலத்தில், வெள்ளி மாலை சோலன்ட் பானையை ஊர் ரொட்டிக் கடைக்கு எடுத்துச் சென்று, அடங்கிவரும் அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிட்டு வருவார்கள் என்று அவருடைய தாயார் சொல்லக் கேட்டிருந்தார். பானையைச் சுற்றி மின் கம்பிச் சுருளை அமைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1940-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1970-இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. 1971-இல் அது 'கிராக் பாட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்து, வேலைக்குச் செல்லும் பெண்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது.

நமக்கும் இது புதிதன்று. குமுட்டி அடுப்பின் தணலில் பால் சுண்டக் காய்ந்ததை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். நான் பணியில் சேர்ந்த 1980-களில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுநரும் ஃபயர்மேனும் தங்கள் சாப்பாட்டுத் தூக்கைக் கொதிகலனின் முகப்பில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த பெரிய நிலையம் வரும்போது சாப்பாடு சூடாக இருக்கும். தத்துவம் ஒன்றுதான்.

உள்ளே நடப்பது என்ன?

பிரஷர் குக்கரில் நீராவி அழுத்தத்தால் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். ஸ்லோ குக்கரில் அழுத்தம் இல்லை. ஆகவே நீர் கொதிக்கும் 100 டிகிரியை அது தாண்டாது. 'லோ' என்பது குறைந்த வெப்பம், 'ஹை' என்பது அதிக வெப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளில் இரண்டும் கடைசியில் கொதிநிலையை ஒட்டியே போய் நிற்கும். அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறுபடுகிறது.

மெல்லச் சமைப்பதால் என்ன பயன்? கோழியின் காலிலும் தொடையிலும் கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புப் புரதம் உண்டு. 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் அது கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயா விரலில் பிசுபிசுவென்று ஒட்டுவது இதனால்தான். குழம்புக்குத் திடத்தையும் இறைச்சிக்கு மென்மையையும் தருவது அதுவே. நெஞ்சுக்கறியில் கொலாஜன் குறைவு. அதை ஆறு மணி நேரம் வைத்தால் நார் நாராக வறண்டுவிடும். எனவே காலும் தொடையும் எலும்போடு வாங்குங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். முற்றிய சேவலைத் திராட்சை மதுவில் நெடுநேரம் வேகவைப்பது 'கோக் ஓ வான்' என்ற அவர்களது புகழ்பெற்ற உணவு. நான் சொல்லப்போவது மது இல்லாத குடும்பச் சமையல்.

வேண்டிய பொருட்கள் (ஐந்து பேருக்கு, மூன்றரை லிட்டர் குக்கர்)

கோழிக் கால், தொடைத் துண்டுகள் 1 கிலோ; சின்ன வெங்காயம் 250 கிராம்; காரட் 2; உருளைக்கிழங்கு 3; காளான் 200 கிராம்; பழுத்த தக்காளி 2; பூண்டு 8 பல்; வெண்ணெய் 2 மேசைக்கரண்டி; மைதா 1 மேசைக்கரண்டி; வினிகர் 1 மேசைக்கரண்டி; ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி; உலர்ந்த தைம் இலை அரைத் தேக்கரண்டி; பே லீஃப் 2; கொதிக்கும் நீர் 1 கப்; உப்பு தேவைக்கு.

ஒரு விளக்கம்: பிரெஞ்சுச் சமையலின் பே லீஃப் வேறு, நாம் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை வேறு. முன்னது லாரல் மரத்தின் இலை. பின்னது இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது. ஒரே நரம்பு நடுவில் ஓடினால் லாரல். மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடினால் பிரிஞ்சி. லாரல் கிடைக்காவிட்டால் ஒரே ஒரு பிரிஞ்சி இலை போடலாம், மணம் சற்று மாறும். மிளகுக்கு மட்டும் நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. ஒரு காலத்தில் உலக வணிகர்களை இந்தத் துறைமுகத்துக்கு இழுத்து வந்த சரக்கல்லவா அது!

செய்முறை

1. கோழியைத் துணியால் ஈரம் போக ஒற்றி, உப்பும் மிளகும் தடவுங்கள்.

2. வாணலியில் ஒரு கரண்டி வெண்ணெயைச் சூடாக்கி, துண்டுகளை இருபுறமும் பொன்னிறமாக வறுத்தெடுங்கள். சோம்பலில் இதை விட்டுவிடாதீர்கள். இந்த நிறமும் மணமும் சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக உண்டாகும். இதை 1912-இல் விளக்கியவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. ஸ்லோ குக்கருக்குள் அந்த வெப்பம் ஒருபோதும் வராது.

3. அதே வாணலியில் வெங்காயம், பூண்டு, காளானை வதக்கி, தக்காளியைப் போட்டுக் குழையவிட்டு, வினிகரும் கொதிநீரும் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கலக்குங்கள். சுவை அங்கேதான் இருக்கிறது.

4. குக்கரின் அடியில் உருளைக்கிழங்கையும் காரட்டையும் பரப்புங்கள். இந்தக் கருவியில் கிழங்கு இறைச்சியை விட மெதுவாக வேகும். ஆகவே சூட்டுக்கு அருகில் அது இருக்க வேண்டும். மேலே கோழி, அதன் மேல் வாணலியில் உள்ளவை, தைம், இலை.

5. முதல் ஒரு மணி நேரம் 'ஹை', பிறகு ஐந்து மணி நேரம் 'லோ'. அவசரமானால் முழுவதும் 'ஹை'யில் மூன்றரை மணி நேரம்.

6. மீதி வெண்ணெயையும் மைதாவையும் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி, கடைசி அரை மணி நேரத்தில் போட்டு, 'ஹை'யில் வைத்துக் கலக்குங்கள். குழம்பு திடமாகும்.

ரொட்டியோடு சாப்பிடலாம். எங்கள் வீட்டில் ஆப்பத்துக்குத்தான் ஓட்டு அதிகம்.

நீர் ஒரு கப் போதுமா என்று கேட்பீர்கள். போதும். மூடியில் ஏறும் ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளேயே விழுகிறது. கோழியும் காய்களும் தம் நீரை விடுகின்றன. மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

ஒரு சிறு கணக்கு

என் குக்கரின் தகட்டில் 200 வாட் என்றிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 1.2 யூனிட். செலவு கவலைப்படும்படி இல்லை. கவலை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது இரண்டரை கிலோ என்று வைத்து, நீரைப் போலவே கணக்கிட்டால், 28 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற சுமார் 650 கிலோஜூல் வேண்டும். 200 வாட்டில் அதற்கு 54 நிமிடம். பீங்கான் பாத்திரம் குடிக்கும் சூடு, வெளியே வீணாகும் சூடு இவற்றைச் சேர்த்தால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகும். அந்த இடைவெளியை உணவு விரைவாகக் கடந்தாக வேண்டும். நான் துண்டுகளை வறுத்துச் சூடாகப் போடுவதும், கொதிநீர் ஊற்றுவதும், முதலில் 'ஹை'யில் வைப்பதும் இதற்காகவே. உறைந்த கோழியைக் கட்டியாகப் போடவே கூடாது. பனிக்கட்டியை உருக்க மட்டும் ஆகும் வெப்பம், அதே அளவு நீரை 80 டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பத்துக்குச் சமம். கட்டி உருகும் வரை மற்றவை வெதுவெதுப்பிலேயே கிடக்கும்.

நான் செய்த தவறு

ஓர் ஆடி மாதம், நல்ல மழை நாள். காலை பத்து மணிக்குக் குக்கரைப் போட்டுவிட்டு நானும் மனைவியும் எறணாகுளத்தில் மருத்துவரைப் பார்க்கப் போனோம். நான்கு மணிக்குத் திரும்பினோம். குக்கரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் தொட்டேன், சூடு இருந்தது. ஆனால் சுவரருகே இருந்த மைக்ரோவேவின் கடிகாரம் பூஜ்யத்தில் மின்னிக்கொண்டிருந்தது. நடுவில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. எப்போது போனது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் போச்சு" என்றேன். வாசனையும் நன்றாகவே இருந்தது. ஒரு கிலோ கோழி, காலையில் பட்ட பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக என் வீம்பு.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "என்னங்க, வாசனை நல்லாத்தான் இருக்கு. அதை நம்பி மூணு வயசுப் பிள்ளைக்குக் குடுப்பீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு எல்லோரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். பிறகு படித்துப் பார்த்ததில் அவள் சொன்னதே சரி என்று தெரிந்தது. சில கிருமிகள் வெளியிடும் நஞ்சு, கிருமி செத்தபின்னும் கொதிநீரில் அழியாது. மணத்திலும் ருசியிலும் அது தெரியாது. ரயில்வேயில் சிக்னல் சந்தேகமாக இருந்தால் அதைச் சிவப்பு என்றே கொள்ள வேண்டும் என்று பல இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அடுக்களையில் அதை மறந்துவிட்டேன்.

மறவாதிருக்க வேண்டியவை

1. வீட்டில் யாரும் இல்லாதபோது மின்சாரம் போயிருந்து, போன நேரம் தெரியாவிட்டால், உணவைக் கொட்டிவிடுங்கள். மின் தடையில் நின்றுவிடும் அல்லது பூஜ்யத்துக்குப் போகும் கடிகாரம் ஒன்று அருகில் இருக்கட்டும்.

2. நீங்கள் வீட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால், உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடியுங்கள். முழுவதும் வெந்தபின் போனதானால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடலாம்.

3. குக்கரைப் பாதிக்குக் குறையாமலும் முக்கால் பாகத்துக்கு மேற்படாமலும் நிரப்புங்கள்.

4. சமையல் வெப்பமானி இருந்தால் எலும்பில் படாமல் தொடையின் தடித்த பகுதியில் குத்திப் பாருங்கள். 74 டிகிரிக்குக் குறையக் கூடாது.

5. மிஞ்சியதைத் தட்டையான பாத்திரத்தில் மாற்றி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் கேஸ் அடுப்பில் கொதிக்க வையுங்கள். ஸ்லோ குக்கரில் பழைய உணவைச் சூடாக்க வேண்டாம்.

6. ராஜ்மாவை இதில் நேரடியாக வேகவைக்காதீர்கள். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பில் பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே இதில் போடலாம். அதிலுள்ள ஒரு நச்சுப் பொருள் மெல்லிய சூட்டில் அழிவதில்லை.

யூதத் தெருவில் பெரும்பாலான குடும்பங்கள் 1948-க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தன. பல வீடுகள் இன்று பழம்பொருள் கடைகளாக உள்ளன. சனிக்கிழமை மாலைகளில் அவ்வழியே நடக்கும்போது, நெருப்பைத் தொடக் கூடாத நாளிலும் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தவர்களை எண்ணிக்கொள்வேன். எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஐந்து தட்டுகளும் ஒரே நேரத்தில் வைக்கப்படுகின்றன. மனைவி உட்கார்ந்தே பரிமாறுகிறாள். உப்பு சரியா என்பதை இன்றும் அவள்தான் தீர்மானிக்கிறாள்.

செய்து பாருங்கள். ஐயம் இருந்தால் அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். குறை இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.