விரல் நோகும் முதல் மூன்று மாதம்
கிட்டார் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்



நமது லயங்களில் சில வீடுகளில் சுவர் ஆணியில் ஒரு கிட்டார் தொங்கும். அதில் இரண்டு தந்தி இருக்காது. கேட்டால், "சின்னவன் ஆசைப்பட்டான், சீட்டுப் பணத்துல வாங்கிக் கொடுத்தோம். ரெண்டு மாசம் தட்டினான். வெரல் வலிக்குதுன்னு விட்டுட்டான்" என்பார்கள். மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. அந்தக் காசு வீணாகாமல் இருக்கவும், பிள்ளையின் ஆசை வாடிப் போகாமல் இருக்கவுமே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கிட்டாரைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் திறமை இல்லாமல் விடுவதில்லை. விரல் நோவு, சுருதி கலைவு, கோர்ட் மாற்ற முடியாமை ஆகிய மூன்று தடைகளும் முதல் மூன்று மாதத்தில் ஒன்றாக வந்து நிற்கின்றன. இவை எல்லோருக்கும் வருபவை, வந்து போய்விடுபவை. இதைச் சொல்லித்தர ஆளில்லாததால்தான் பிள்ளை "எனக்கு வராது" என்று முடிவு செய்துவிடுகிறது.

தீவும் தோட்டமும்

நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கப் போய் வந்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். குறிகாட்டுவானில் பஸ்ஸை விட்டு இறங்கிப் படகில் ஏறியதும் முகத்தில் பிசுபிசுப்பாக ஒட்டும் உப்புக் காற்றை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காற்று இரும்பைத் தின்னும். கிட்டார் தந்தியும் இரும்புக் கம்பிதானே? துடைக்காமல் வைத்தால் சில நாளிலேயே துருப்பிடித்துவிடும். நம் மலையில் உப்பு இல்லை; ஆனால் மூடுபனியும் ஈரமும் அதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்கின்றன.

இன்னுமோர் ஒற்றுமையும் உண்டு. நெடுந்தீவில் கிட்டார் பழகும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரு தந்தி அறுந்துபோய், புதியது வாங்க யாழ்ப்பாண நகரத்துக்குப் போவதென்றால் முதலில் குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் வர வேண்டும். அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் பயணமே இல்லை. மேல் டிவிஷனில் இருந்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டிய நம் பிள்ளையின் நிலையும் ஏறக்குறைய அதுதான். கடையும் தூரம், வாத்தியாரும் தூரம். ஆகவே, இருப்பதைப் பேணிக்கொண்டு தானாகவே ஒழுங்காகப் பழகும் முறை இரண்டு இடத்துப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

இந்தக் கருவிக்கும் தீவுப் பகுதிக்கும் பழைய உறவு ஒன்றும் இருக்கிறது. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் 'கைற்ஸ்' என்கிறோம். அது துறைமுக மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர். யானைகளைக் கப்பலேற்றிய துறை அது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் 1658 வரை அங்கே ஆண்டார்கள். அவர்கள் காலத்தில்தான் மேற்கு நாட்டுத் தந்திக் கருவிகளும் அவற்றோடு பாடும் பாட்டும் இலங்கைக் கரைகளுக்கு வந்தன. இன்று நாம் கல்யாண வீட்டில் ஆடும் பைலாவின் வேர் அந்தப் பாட்டுகளில் இருக்கிறது. இப்போதைய ஆறு தந்திக் கிட்டாரின் உருவம் அதற்குப் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அன்டோனியோ டி டொரஸ் அமைத்த வடிவத்தையே பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்.

பிறகு அந்தக் கருவி நம் மொழியிலும் பேசியது. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' போன்ற பொப் பாடல்களைப் பேச்சுத் தமிழிலேயே பாடினார். ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டிலும் ஒலித்தது. இப்படியான பாடல்களை இரண்டு மூன்று கோர்ட்ஸிலேயே வாசித்துவிடலாம். பழகத் தொடங்குபவருக்கு இவை நல்ல வாசல்.

இனித் தடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "வெரல் வலிக்குது"

இடது கை விரல் நுனிகள் முதல் இரண்டு மூன்று வாரம் நோகத்தான் செய்யும். பிறகு தோல் தடித்து நோவு குறையும். முதன்முதலாகக் கொழுந்து மலைக்குப் போன நாட்களில் உங்கள் அம்மாவின் விரல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், புரியும்.

நோவைக் குறைக்க வழி உண்டு. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை 'ஃபிரெட்' என்பார்கள். இரண்டு கோடுகளுக்கு இடையில் உள்ளது ஒரு கட்டம். விரலைக் கட்டத்தின் நடுவில் வைக்காமல், ஒலித்துளைப் பக்கம் உள்ள கோட்டுக்கு நெருக்கமாக, ஆனால் அதன் மேல் ஏறாமல் வையுங்கள். அங்கே பாதி அழுத்தமே போதும். 'கிர்ர்' என்ற இரைச்சலும் வராது. விரலின் நுனியால் அழுத்துங்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். குளித்தவுடன், துணி துவைத்தவுடன் வாசிக்க வேண்டாம்; ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். வெடிப்போ இரத்தமோ இருந்தால் அன்றைக்கு இடது கைக்கு ஓய்வு கொடுத்து, வலது கைத் தாளத்தை மட்டும் பழகுங்கள். மணிக்கட்டில் வலியோ மரமரப்போ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அது விரல் நோவைப் போலப் பழகிப் போகும் நோவு அல்ல.

சில வேளை குறை விரலில் இருக்காது, கிட்டாரில் இருக்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில், கோட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரும்புத் தந்திக் கிட்டாரில் அது இரண்டு, மூன்று மில்லிமீற்றர் அளவில் இருப்பது நல்லது. அதைவிட அதிகம் உயர்ந்திருந்தால் பெரிய ஆளுக்கே கை வலிக்கும். வாங்கும் முன்பே இதைப் பாருங்கள். வாங்கிவிட்டிருந்தால், விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துத் தாழ்த்திக்கொள்ளலாம்.

நைலோன் தந்தி விரலுக்கு மென்மை. ஆனால் ஒரு எச்சரிக்கை: நைலோன் தந்திக்காகச் செய்த கிட்டாரில் இரும்புத் தந்தி பூட்டக்கூடாது. ஆறு நைலோன் தந்திகளின் மொத்த இழுவை ஏறத்தாழ 40 கிலோ. இரும்புத் தந்திகளின் இழுவை ஏறத்தாழ 70 கிலோ. பாரம் தாங்காமல் பலகை பெயர்ந்து வரும்.

2. "சத்தம் ஒத்து வருதில்ல"

சுருதி சேராத கிட்டாரில் எவ்வளவு சரியாக வாசித்தாலும் அலங்கோலமாகத்தான் கேட்கும். பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லும். எனவே தினமும் முதல் வேலை சுருதி சேர்ப்பது.

தடித்த தந்தி ஆறாவது. மெல்லிய தந்தி முதலாவது. ஆறிலிருந்து ஒன்று வரை அவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கைத்தொலைபேசியில் சுருதி பார்க்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் இருக்கும். அதில் மூன்று கட்டைச் சுருதிதான் ஈ. அதற்கு ஆறாவது தந்தியைச் சேர்த்துக்கொண்டு, பின்வருமாறு செய்யுங்கள்.

ஆறாவது தந்தியை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தினால் வரும் ஒலிக்கு ஐந்தாவது தந்தியைச் சேர்க்கவும்.
ஐந்தாவதை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தி நாலாவதைச் சேர்க்கவும்.
நாலாவதை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தி மூன்றாவதைச் சேர்க்கவும்.
மூன்றாவதை நாலாம் கட்டத்தில் அழுத்தி இரண்டாவதைச் சேர்க்கவும். (இந்த ஒன்று மட்டும் நாலாம் கட்டம்.)
இரண்டாவதை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தி முதலாவதைச் சேர்க்கவும்.

முறுக்காணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் மெல்லிய தந்தி அறுந்துவிடும்.

3. "மாத்துறதுக்குள்ள பாட்டு போயிடுது"

பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கோர்ட் என்கிறோம். (நீதிமன்றம் அல்ல!) பிடிப்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதே கஷ்டம்.

முதலில் ஈ மைனர்: ஐந்தாவது, நாலாவது தந்திகளை இரண்டாம் கட்டத்தில் நடுவிரலாலும் மோதிர விரலாலும் அழுத்துங்கள். இரண்டு விரல்தான். அதோடு மூன்றாவது தந்தியின் முதல் கட்டத்தில் சுட்டுவிரலை வைத்தால் ஈ மேஜர். அந்த மூன்று விரலையும் அப்படியே மெல்லிய பக்கம் ஒரு தந்தி தள்ளி வைத்தால் ஏ மைனர். ஒரே உருவம், மூன்று கோர்ட். இவை வந்த பிறகு ஏ மேஜரும் டி மேஜரும் பழகுங்கள். ஏ, டி, ஈ ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டே ஏராளமான பாட்டுகளைப் பாடலாம். ஒரே விரலால் ஆறு தந்தியையும் அழுத்தும் எஃப் கோர்ட்டை முதல் மூன்று மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அதில் முட்டி மோதி விட்டவர்கள் ஏராளம்.

இங்கே நம் சங்கீதக்காரரின் முறை கைகொடுக்கும். நாகஸ்வரம், தவில், வாய்ப்பாட்டு எல்லாவற்றிலும் தினப் பழக்கத்துக்குச் 'சாதகம்' என்று பெயர். சரளி வரிசையை முதலாம் காலத்தில் மெதுவாகவும், பின் இரண்டாம், மூன்றாம் காலங்களில் இரட்டித்தும் பாடுவார்கள். முதலாம் காலம் சுத்தமாக வராமல் அடுத்ததுக்குப் போக மாட்டார்கள். கிட்டாரிலும் அப்படியே செய்யுங்கள். ஈ, ஏ மைனர் இரண்டையும் எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். முதல் வாரம் 15 வந்தாலும் நல்லது. அடுத்த வாரம் 20 வரும். 60 வந்துவிட்டால் பாட்டு தானாக ஓடும். எண்ணிக்கை ஏறுவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளை இலகுவில் கைவிடாது.

4. தாளம்: தப்புக்காரரிடம் கற்போம்

தொடக்கக்காரர் செய்யும் பெரிய பிழை, இடது கை தடுமாறும்போது வலது கையையும் நிறுத்திவிடுவது. நம் தோட்டத்தில் தப்பு அடிப்பவரைக் கவனியுங்கள். ஒரு அடி தவறினாலும் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் ஆடுகிறவரின் கால் நின்றுவிடும். கிட்டாரிலும் வலது கை மேலும் கீழும் ஊஞ்சல் போல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கோர்ட் பிந்தி வந்தாலும் தாளம் பிந்தக்கூடாது.

பைலாவுக்கு ஆறு எண்ணிக்கை. "ஒண்ணு-ரெண்டு-மூணு, நாலு-அஞ்சு-ஆறு" என்று வாயால் சொல்லி, ஒன்றிலும் நாலிலும் அழுத்தம் கொடுங்கள். தந்தியைத் தொடாமல் தொடையில் தட்டியே இதைப் பழகலாம்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டில் வரும் கிட்டாரைக் கேட்டு ஆசைப்படுகிறவர்கள் பலர். ஆசை நல்லதுதான். ஆனால் அது கைதேர்ந்தவர் விரல்களால் மீட்டியது. அதை முதல் பாட்டாக எடுத்தால் மனம் உடைந்துபோகும். முதல் பாட்டு சின்னதாக இருக்கட்டும்.

எவ்வளவு நேரம்?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் 15 நிமிடம் வாசிப்பது மேல். கூட்டிப் பார்த்தால் 15 நிமிடம் ஏழு நாளில் 105 நிமிடம். கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஆனால் விரல் நாள்தோறும் பழகினால்தான் மறக்காது.

சுருதி சேர்க்க 3 நிமிடம்.
கோர்ட் மாற்ற 5 நிமிடம்.
தாளத்துக்கு 3 நிமிடம்.
பாட்டுக்கு 4 நிமிடம். கடைசியில் பாட்டு இருக்க வேண்டும். சந்தோஷத்தோடு எழும்ப வேண்டும் அல்லவா?

லயத்துச் சுவர் மெல்லியது. பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை தூங்கும், பெக்டரியில் இரவு வேலை செய்தவர் படுத்திருப்பார். தந்திகள் பூட்டிய கட்டைக்கு அருகே, தந்திகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினால் சத்தம் அடங்கிவிடும். பயிற்சிக்கு அது போதும்.

கருவியைப் பேணுதல்

வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். கடற்கரையில் இருப்பவருக்கு உப்பு, நமக்கு ஈரம், எல்லோருக்கும் கை வியர்வை. மூன்றுக்கும் மருந்து இந்தத் துணிதான். அடுப்புப் புகை படும் இடத்திலும், வெயிலில் கொதிக்கும் தகரக் கூரைக்கு அடியிலும், ஈரச் சுவரோடு ஒட்டியும் வைக்க வேண்டாம். பலகை வளையும், பசை விடும். உறை இல்லாவிட்டால் சுத்தமான உரப்பை ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம். டவுனுக்குப் போகும்போது முதலாவது தந்தியில் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்; அதிகம் அறுவது அதுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"டிங் டிங்குன்னு என்னடா சத்தம், போய்ப் படி" என்று ஏசுவதற்கு முன் யோசியுங்கள். படிப்பும் வேண்டும், அதற்குப் பிந்திய 15 நிமிடம் படிப்பைக் கெடுக்காது. பெண் பிள்ளை கேட்டால் "உனக்கெதுக்கு" என்று தட்டிக்கழிக்காதீர்கள். கொழுந்து பறிக்கும் விரலைவிட வேகமான விரல் எது? ஒரு வீட்டால் வாங்க முடியாவிட்டால் நாலு வீடு சேர்ந்து ஒரு கிட்டார் வாங்கலாம். நாலு பிள்ளைகள் முறை வைத்துப் பழகினால் ஒருவர் சோரும்போது மற்றவர் இழுத்துச் செல்வார்.

தம்பி, தங்கைகளே! பெரிய மேதைகளும் விரல் நொந்துதான் பழகினார்கள். மூன்று மாதம் விடாமல் பிடியுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்குத் தொடங்கினால் ஆடி மாதத்தில் உங்கள் லயத்து வாசலில் ஒரு முழுப் பாட்டு கேட்கும்.

கலந்துரையாடுவோம்

1. தொடக்கத்தில் வரும் மூன்று தடைகள் எவை? உங்களுக்கு எது பெரிதாக இருக்கிறது?
2. விரலைக் கட்டத்தின் எந்தப் பக்கம் வைக்க வேண்டும்? ஏன்?
3. மூன்றாவது தந்தியை எந்தக் கட்டத்தில் அழுத்தி இரண்டாவதைச் சேர்க்க வேண்டும்?
4. உங்கள் டிவிஷனில் பாவிக்காமல் கிடக்கும் கிட்டார்கள் எத்தனை? அவற்றைச் சேர்த்து ஒரு மாலை வகுப்பு தொடங்க முடியுமா?