காணிக்குள் நெருஞ்சி

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, 2009க்குப் பின் கட்டங்கட்டமாகக் காணி கிடைத்துத் திரும்பியவர்களின் காலில் முதலில் ஏறியது நெருஞ்சிமுள்.

அதன் பூவொன்றைப் பிரித்துப் பார்ப்போம். புல்லி ஐந்து, மஞ்சள் அல்லி ஐந்து, கேசரம் பத்து, நடுவே ஐந்து அறையுள்ள சூலகம். இந்த ஐந்தின் கணக்கைக் கொண்டே பழைய தாவரவியலாளர் நெருஞ்சியையும் புளியாரையையும், மலைநாட்டில் பூச்சாடிகளில் வளர்க்கும் ஜெரேனியத்தோடு ஒரே வருணத்தில் சேர்த்தனர். மரபணு ஆய்வுகளின் பின் மூன்றும் மூன்று வருணங்களாகிவிட்டன. ஆனைநெருஞ்சிக்குப் பெயரில் மட்டுமே உறவு.

ஜெரேனியத்தின் காய் கொக்கின் அலகுபோல் நீண்டு, முற்றியதும் ஐந்தாகப் பிரியும். நெருஞ்சிக்காயும் அப்படியே. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் முள்ளும் சில விதைகளும் உண்டு. செருப்பிலும் சைக்கிள் ரயரிலும் குத்திக்கொண்டு அது அடுத்த காணிக்குப் போய்விடும். எல்லா விதையும் ஒரே மழைக்கு முளையாது. சில விதைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணுள் கிடக்கும். ஒருமுறை உழுதால் ஒழியாதது அதனால்தான்.

மிதிவெடி அகற்றியாயிற்று என அறிவிக்கப்பட்ட காணியில் மட்டும் இறங்குவோம். மஞ்சள் பூக் கண்டதும், காய் பிடிக்க முன்னர், மண் ஈரமாயிருக்கையில் ஆணிவேரோடு பிடுங்குவோம். காய்த்த கொடியைக் கூட்டெருவில் போடாமல் சாக்கில் கட்டி எரிப்போம். சித்த வைத்தியர் மருந்துக்குக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் ஒதுக்கலாம்.