பட்டன் இருக்கிறது, வயதாகிவிட்டதே!

கேள்வி: எங்கள் சின்ன காரை 2018-இல் வாங்கினோம். பள்ளிக்கூடம், கடைத்தெரு, எப்போதாவது குலதெய்வம் கோயில் என்று 34,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. டயர்களில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சர்வீஸ் செய்பவர் நான்கையும் மாற்றச் சொல்கிறார். முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் என் அண்ணன். அகலமான டயராகப் போடலாமா? வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டுமாமே?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சர்வீஸ்காரர் சொல்வதைக் கேளுங்கள். டாக்சி டயர் ஓடித் தேய்கிறது. வீட்டுக் காரின் டயர் பெரும்பாலும் நின்றே கெட்டுப்போகிறது. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு விடும். பட்டன் ஆழம் அப்படியே இருக்கும், ஈரச் சாலையில் பிடிப்பு மட்டும் போயிருக்கும். அதனால் நம் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை.

டயரின் வயதை நீங்களே பார்க்கலாம். பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1418 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று பெரிய டயர் நிறுவனங்களே சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு, வெடிப்பும் தெரிகிறதென்றால், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். இரண்டு வருடம் கடையில் கிடந்த சரக்கு என்றால் வேறு கேளுங்கள்.

தேய்மானத்துக்குச் சட்டப்படியான எல்லை 1.6 மி.மீ. பள்ளங்களுக்கு நடுவே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே மழைத் தண்ணீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். ஐப்பசி அடைமழையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கடைசி மில்லிமீட்டர் வரை தேய்க்க வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் நான்கு டயருக்குச் செலவு செய்ய முடியாவிட்டால் இப்போது இரண்டு, மழைக்கு முன் இரண்டு என்று மாற்றுங்கள். ஆனால் புது ஜோடி பின்னால்தான் போக வேண்டும். உங்கள் அண்ணன் மட்டுமல்ல, பல கடைக்காரர்களும் இதை மாற்றிச் சொல்கிறார்கள். என்ஜின் இழுப்பது முன்சக்கரத்தை, அதனால் புதுசு அங்கே என்பது அவர்கள் கணக்கு. முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங் லேசாவது கையில் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் கார் தட்டாமாலை சுற்றிவிடும். அதைச் சமாளித்து நிறுத்துவது பழகிய டிரைவருக்கே கடினம்.

அகலமான டயர் வேண்டாம். உங்கள் டயரில் 165/80 ஆர்14 85டி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 165 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்பது மணிக்கு 190 கி.மீ. வேக வரம்பு. உயர் ரக மாடலில் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்திருந்தால், அதற்குரிய ரிம்மோடு சேர்த்து மாற்றலாம். இரண்டின் மொத்த உயரமும் ஏறத்தாழ 620 மி.மீ.தான். கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று உயரம் மாறும் அளவைப் போட்டால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும், டயர் உள்ளே உரசும். பிராண்டைவிட சரியான அளவும், இந்தத் தாங்குதிறனுக்குக் குறையாத எண்ணும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும்தான் முக்கியம்.

இனி காற்று. வெயிலில் காற்றைக் குறைப்பது மிகத் தவறான பழக்கம். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கவாட்டு அதிகமாக மடங்கி நிமிரும். அதில்தான் சூடு ஏறுகிறது. சூட்டில் உள்ளடுக்குகள் பிரிந்து, நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்கிறது. சித்திரை வெயிலில் வெடித்த டயரைப் பார்த்து, காற்று அதிகம் என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் பல நேரம் அது காற்று குறைந்து சூடேறி வெடித்ததாக இருக்கும்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்கான அளவு அதுதான். டயரின் மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. ஐந்து பேரும் சாமான்களுமாக ஊருக்குப் போகும்போது பின்சக்கரத்துக்குக் கூடுதல் அளவு அதே ஸ்டிக்கரில் இருக்கும். மாதம் இருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். பங்க் வீட்டிலிருந்து தள்ளியிருந்தால் சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, காலையில் வீட்டிலேயே பார்த்துவிடலாம். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

புது டயர் போடும்போது வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்துகொள்ளுங்கள். பிறகு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் நான்கும் ஒரே சீராகத் தேயும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு, நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். காரோடு வந்ததென்றால் அதற்கும் அதே வயது. கழற்றும் நான்கில் வெடிப்பு இல்லாத ஒன்று கிடைக்கும் என்று அதை மாற்றி வைக்க வேண்டாம். எல்லாம் ஒரே ஆண்டுச் சரக்கு. ஐந்தாவதாக ஒரு புது டயரும் வாங்கிவிடுங்கள்.